3 கிலோவாட் கூரை சோலார்: தமிழ்நாட்டு ஈபி பில்லை வைத்து ஒரு விமர்சனம்

சோலார் விற்பவர்கள் எல்லோரும் 3 கிலோவாட்டையே முன்னால் வைப்பதற்குக் காரணம் மானியம்தான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, ஆக மொத்தம் 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். உள்நாட்டு செல்லில் செய்த டிசிஆர் பேனலாக இருந்தால் மட்டுமே மானியம். டிசிஆர் பேனல், ஈபி லைனோடு இணைந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சர், வேலை எல்லாம் சேர்த்து 1.8 முதல் 2.1 லட்சம் வரை விலை சொல்கிறார்கள். மானியம் போக உங்கள் கைக்காசு சுமார் 1.1 முதல் 1.3 லட்சம்.

மாடியை அளப்பதற்கு முன் பழைய பில்களை எடுத்துப் பாருங்கள். நம் ஈபியில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; அடுத்த நூறும் மலிவு. 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு பில் 700 ரூபாய் அளவில்தான் வரும். வருடத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். அதை மிச்சம் பிடிக்க 1.2 லட்சம் போடுவது வீண். கணக்கு மாறுவது 500 யூனிட்டைத் தாண்டும்போது. அந்த மலிவு நூறு கைவிட்டுப் போகிறது. 500க்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600க்கு மேல் 9 ரூபாய்க்கு மேல். 700 யூனிட் ஓடும் வீட்டுக்கு சுமார் 3,800 ரூபாய் பில். அந்த வீட்டில் இந்த அமைப்பு வருடத்துக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சப்படுத்தும். போட்ட பணம் ஐந்தாறு வருடத்தில் திரும்பிவிடும். இரண்டு ஏசி ஓடும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். சோலார் வைத்திருப்பவர் ஈபி கம்பியைப் பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் உங்கள் இணைப்புக்கு உண்டா, எவ்வளவு என்பதை மட்டும் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

உற்பத்தி விஷயத்தில் விளம்பரத்துக்கும் மாடிக்கும் கொஞ்சம் தூரம். 550 வாட் பேனல் ஆறு, ஆக 3.3 கிலோவாட். ஆனால் மே மாத மதியத்தில் இன்வெர்ட்டரின் மொபைல் ஆப் காட்டும் உற்பத்தி 2.6 கிலோவாட்டைத் தாண்டாது. பேனலில் எழுதியிருக்கும் வாட், செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் மாடியில் செல் 65 டிகிரி வரை சுடும். ஒவ்வொரு டிகிரிக்கும் பழைய பெர்க் ரக செல்லில் 0.35 சதவீதம், புதிய டாப்கான் ரக செல்லில் 0.3 சதவீதம் குறையும். 40 டிகிரிக்கு 12 முதல் 14 சதவீதம் அங்கேயே போய்விட்டது. அதனால்தான் நல்ல அறுவடை கத்திரி வெயிலில் இல்லை, பிப்ரவரி மார்ச்சில். சராசரியாக நாளுக்கு 12 யூனிட், வருடத்துக்கு 4,200 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் 3, 4 யூனிட்டோடு முடிகிற நாட்களும் உண்டு. "நாளுக்கு 15 யூனிட் கேரண்டி" என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பேனல் அல்ல, வேலை. மழை பெய்த மறுநாள் காலை இன்வெர்ட்டர் எழுந்திருக்காமல் சிவப்பு விளக்கோடு ஐஎஸ்ஓ ஃபால்ட், அதாவது இன்சுலேஷன் கோளாறு, காட்டும். ஒன்பது, பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடும். ஆளைக் கூப்பிட்டால் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகவே ஓடும். பேனலுக்கு அடியில் குனிந்து பாருங்கள்: பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டர் தளத்தில், தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடக்கும். உள்ளே ஈரம் இறங்கி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் குறைந்து, இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காக ஓட மறுக்கிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் கிளம்புகிறது. ஆறு பேனலும் தொடராக இருப்பதால் அந்த ஒயரில் 300 வோல்ட் அளவுக்கு டிசி நிற்கும். நீங்களே கை வைக்காதீர்கள். கேபிளை யுவி தாங்கும் டை போட்டு ரெயிலோடு தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். அதே கனெக்டரில் இன்னொரு கோளாறும் உண்டு. ஆண் முனை ஒரு கம்பெனி, பெண் முனை இன்னொரு கம்பெனி, கிரிம்பிங் டூலுக்குப் பதில் கட்டிங் பிளேயர். இப்படிச் செய்த இணைப்பு சூடாகி உருகிவிடும்.

எர்த்திங்கில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கிறார்கள். டிசிக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று குழி வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் இழுத்துவிட்டால், இடி இறங்கும் பாதை இன்வெர்ட்டர் வழியாகவும் திறந்துவிடும். ரெசிஸ்டன்ஸ் 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நிழல் விஷயத்தில் தெற்குப் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. ஜூனில் சூரியன் சென்னைக்கே உச்சிக்கு வடக்கே பத்து டிகிரி போய்விடும். வடக்கில் இருக்கும் மாடிப்படி ஹெட்ரூமும் தண்ணீர்த் தொட்டியும் அப்போது நிழல் தரும். சாய்வு 10 முதல் 13 டிகிரி போதும். உப்புத் தண்ணீர் போர் உள்ள வீடுகளில் அந்தத் தண்ணீரிலேயே பேனலைக் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படலம் படிந்துவிடும், பிறகு எளிதில் போகாது. மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ வைத்து, கண்ணாடி சுடுமுன் காலையிலேயே துடைத்துவிடுங்கள்.

வாங்கியவர்கள் அதிகம் ஏமாற்றமடைவது கரண்ட் கட் ஆகும்போதுதான். உச்சி வெயிலில் லைன் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும். ஈபி ஆள் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, கோளாறு இல்லை. கட் ஆனாலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடும் வேலை செய்யும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும். 5 யூனிட் பேட்டரியோடு கூடுதலாக லட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். மானியம் பேனலுக்குத்தான், பேட்டரிக்குக் கிடையாது. டீசல் ஜெனரேட்டரோடு ஒப்பிட்டால் இதுவும் மோசமில்லை: ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்தான் கிடைக்கும், ஆக யூனிட் 30 ரூபாய். நாள்தோறும் ஜெனரேட்டர் ஓட்டும் அடுக்ககங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

"இனி நிலக்கரி வேண்டாம்" என்ற பேச்சையும் இங்கேயே சோதித்துப் பார்க்கலாம். மதியம் நீங்கள் ஈபி லைனுக்கு ஏற்றுமதி செய்த 8 யூனிட்டை இரவு ஏசிக்குத் திரும்ப எடுக்கிறீர்கள். மீட்டரில் கணக்கு நேராகிவிடும். கம்பியில் வருவதோ வட சென்னையிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ அந்த நேரத்தில் எரியும் நிலக்கரி. நாட்டின் மொத்த மின் நிறுவு திறனில் பாதி 2025லேயே புதைபடிவம் அல்லாததாகிவிட்டது, ஆனால் உற்பத்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இரவிலும் கை கொடுப்பது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மற்ற மாதங்களில் மாலை 6 மணிக்கு மேல் பேட்டரியும், தண்ணீரை மேலே ஏற்றிவைத்து வேண்டும்போது மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையமும் பெருகினால்தான் அந்தக் கொதிகலன்கள் அணையும். பகலில் மலிவு, மாலையில் அதிகம் என நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு ஒன்றிய அரசு 2023லேயே விதி திருத்தியிருக்கிறது. அது வீடுகளுக்கும் வந்தால் மதிய யூனிட்டின் மதிப்பு குறையும். அதனால் இப்போதே ஹைப்ரிட் இன்வெர்ட்டராக வாங்கி, பேட்டரியைப் பிறகு சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

விண்ணப்பம் ஆன்லைனில் எளிது. 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு இல்லை. பல வீடுகளில் சிக்குவது பெயரில்: இணைப்பு காலஞ்சென்ற அப்பா பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு மகன் பெயரில் இருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பேனல் மாடியில் ஏறிய பிறகும் மானியம் நிற்கும். ஐந்து வருடப் பராமரிப்பு விற்பவரின் பொறுப்பு என்பது திட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கடைசி 10 சதவீதப் பணத்தை, ஏற்றுமதியையும் எடுத்ததையும் கணக்கிடும் நெட் மீட்டர் மாட்டி ஏற்றுமதி ரீடிங் ஓடுவதைப் பார்த்து, பேனல் சீரியல் நம்பர் பட்டியலும் எர்த் ரீடிங் தாளும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.