வளவில் ஓர் உடற்கூற்று வகுப்பு: காரைக்குடியில் எட்டு ஞாயிறுகள்

சென்ற ஆடியில் என் அப்பச்சியை மதுரையிலுள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து கானாடுகாத்தானுக்கு அழைத்து வந்தபோது, கையில் கொடுத்தனுப்பிய நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்களுக்கு ஐயமறப் புரிந்தவை அவருடைய பெயரும் வயதும் மட்டுமே. நோயின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றும், அதற்குக் கீழே ‘மைல்டு ஹெபடோமெகலி’ என்றும் எழுதியிருந்தது. பணியிலிருந்த மருத்துவரிடம் கேட்டதற்கு, “துடிப்பு கொஞ்சம் ஒழுங்கில்லாம இருக்கு, ரத்தத்தை இளக்குற மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். துடிப்பு ஒழுங்காக இல்லாததற்கும் இரத்தத்தை இளக்குவதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி என்னோடேயே ஊர் வந்து சேர்ந்தது. காரைக்குடியில் ஞாயிறுதோறும் நடக்கும் அடிப்படை மருத்துவச் சொல் வகுப்பில் நான் சேர்ந்தது அந்தத் தாளை வாசிப்பதற்காகத்தான். இந்த மதிப்புரையையும் அந்தத் தேவையை அளவுகோலாக வைத்தே எழுதுகிறேன்.

வகுப்பை நடத்துபவர் செவிலியர் பயிற்சியில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். எட்டு வாரம், காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை, கட்டணம் கையேட்டோடு சேர்த்து 1,500 ரூபாய். எங்கள் அணியில் பதினேழு பேர் இருந்தோம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு இருப்பவர்களே அதில் பாதிப்பேர். மருந்துக்கடையில் வேலை செய்யும் இளைஞர்கள் இருவர். மற்றவர்கள் என்னைப் போல வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருப்பவர்கள். பூட்டிக் கிடந்த ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது சுற்றிலும் அறைகள் உள்ள நடுமுற்றத்தில், பாய் விரித்து வகுப்பு நடந்தது. இடம் மலிவாகக் கிடைத்ததால் அங்கே வைத்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் வாரத்தில் அந்த வீடே பாடப்புத்தகமாகிவிட்டது.

உயிரணுவைக் குறிக்கும் ‘செல்’ என்ற சொல்லுக்கு இலத்தீனில் சிற்றறை என்று பொருள். 1665இல் இராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேயர் தக்கையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அடுக்கடுக்காகத் தெரிந்த சின்னஞ்சிறு கூடுகளுக்கு அந்தப் பெயரை இட்டார். இதைச் சொன்ன ஆசிரியை, வளவைச் சுற்றிப் பூட்டிக் கிடந்த அறைகளைக் காட்டினார். எங்கள் பக்கத்து வழக்கில் மணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, தனி அடுப்பு. ஆனால் எல்லாருக்கும் கூரை ஒன்று. ஓர் உயிரணுவும் அப்படித்தான்: அதற்கென்று ஒரு சவ்வு, உட்கருவில் அதன் கணக்கேடு, மைட்டோகாண்ட்ரியா என்ற அதன் அடுப்பு. உடனே ஒருவர் எழுந்து, “ஆச்சி, எல்லா அணுவுக்கும் அடுப்பு உண்டா?” என்று கேட்டார். முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. ஆக்ஸிஜனைச் சுமப்பதற்காக அது வீட்டையே காலி செய்துவிட்டு ஏறத்தாழ 120 நாள் ஊர் சுற்றுகிறது என்று விடை வந்தது. ஓர் உவமையைச் சொல்லி, அது எங்கே பொருந்தவில்லை என்பதையும் அந்த மூச்சிலேயே சொல்லும் ஆசிரியர்களை நான் அதிகம் கண்டதில்லை.

நான் கட்டிய பணத்துக்கு ஈடு கிடைத்தது நான்காம் வாரத்தில். முற்றத்துக் கல்தரையில் ஆசிரியை கோலமாவால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு அறைகள் வரைந்தார். இதயம் நம்மைப் பார்த்து நிற்பவருடையது, ஆகவே அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம் என்பதை மருந்துக்கடை இளைஞர் ஒருவர் ஒப்புக்கொள்ளவே கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு மேலறையின் பெயருக்கு வந்தார். ‘ஏட்ரியம்’ என்பது பண்டை ரோமானியர் வீட்டின் நடுக்கூடம். அதன் கூரையின் நடுவில் திறப்பு உண்டு, வெளிச்சமும் மழையும் அதன் வழியே இறங்கும், கீழே ஒரு தொட்டி அந்த மழைநீரைப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் எல்லாரும் தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தோம். மழைக்காலத்தில் இதே போன்ற வளவுகளில் அண்டாக்களை வரிசையாக வைத்து நீர் பிடித்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. இதயத்தின் மேலறையும் வந்து விழும் இரத்தத்தை வாங்கிக் கீழறைக்கு அனுப்பும் கூடமே: வலப்பக்க மேலறைக்கு உடலெங்கும் சுற்றித் திரும்பிய இரத்தம் வருகிறது, இடப்பக்க மேலறைக்கு நுரையீரலில் ஆக்ஸிஜன் ஏற்றிய இரத்தம் வருகிறது. கீழறையாகிய ‘வெண்ட்ரிக்கிள்’ என்பதற்குச் சிறுவயிறு என்று பொருளாம். மூளைக்குள் இருக்கும் குழிவுகளுக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் இடையிலுள்ள ‘வால்வு’ இலத்தீனில் மடக்குக்கதவின் ஒரு பலகை.

அப்புறம் ‘ஃபிப்ரிலேஷன்’. மேலறையின் தசையிழைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல் ஆளுக்கொரு பக்கமாக நடுங்குவது. அப்படி நடுங்கும் அறையிலிருந்து இரத்தம் முழுவதும் வெளியேறாமல் மூலையில் தேங்கும். இடப்பக்க மேலறையில் பை போல ஒரு மூலை இருக்கிறது, தேக்கம் பெரும்பாலும் அங்கேதான். தேங்கிய இரத்தம் உறையலாம். உறைந்த கட்டி கீழறைக்கு இறங்கி மூளைக்குப் போகும் குழாயில் ஏறிவிட்டால் பக்கவாதம். இரத்தம் உறையாமலிருக்கத்தான் அந்த மாத்திரை. மதுரையில் கிடைக்காத விடை ஒரு பிடி கோலமாவில் கிடைத்தது. அன்று மாலை அதே படத்தை வீட்டில் அப்பச்சிக்கு வரைந்து காட்டினேன். நீண்டநேரம் பார்த்துவிட்டு, “அப்ப நம்ம வளவுதான் ஆடுதா?” என்றார். அதற்குப் பிறகு மாத்திரையை நான் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுச் சொற்கள் இன்னும் உண்டு. உட்செவியின் ‘வெஸ்டிபியூல்’ முகப்பு. மூளையின் ‘தாலமஸ்’ கிரேக்கத்தில் உள்ளறை. ‘தைராய்டு’ என்பது கதவைப் போன்ற நீண்ட கேடயத்தின் பெயரிலிருந்து வந்தது. தமிழில் அதைக் கேடயச் சுரப்பி என்று மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு சரியாகப் பெயர்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார் என்ற செய்தியையும் ஆசிரியை போகிறபோக்கில் சொன்னார். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம் என்று ஏங்கினேன்.

சொல்லைப் பிரித்து வாசிக்கும் பயிற்சி நன்றாக இருந்தது. ‘கோலி’ பித்தம், ‘சிஸ்ட்’ பை, ‘எக்டமி’ வெட்டி அகற்றுதல்; மூன்றையும் கோத்தால் பித்தப்பை நீக்கம். ‘ஆஸ்டமி’ என்று முடிந்தால் வாசல் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். கொலாஸ்டமி பெருங்குடலுக்கு வயிற்றுச் சுவரில் வைத்த வாசல். ‘ஹைப்பர்’ கூடுதல், ‘ஹைப்போ’ குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களுக்கு, “போ என்றால் போயிற்று” என்று ஒரு சூத்திரம் தந்தார். சிரித்தோம், ஆனால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிய முதியவருக்கு உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பதால், இந்த ஓரசை மாறிப்போனால் என்ன ஆகும் என்று அவர் விளக்கியபோது சிரிப்பு அடங்கியது. என் தாளிலிருந்த ‘ஹெபடோமெகலி’ அந்த வாரமே அவிழ்ந்தது: ‘ஹெபட்’ கல்லீரல், ‘மெகலி’ பெருத்தல். அதோடு ‘ஸ்ப்ளீன்’ சேர்ந்தால் மண்ணீரலும் பெருத்திருக்கிறது என்றார். மண்ணீரல் என்ற சொல்லை அறிந்தவர் பதினேழு பேரில் நால்வர்தான். “கறிக்கடையில சுவரொட்டின்னு கேட்டு வாங்குறீங்களே, அதுதான்” என்றதும் எல்லாருக்கும் நிறமும் வடிவமும் கண்முன் வந்துவிட்டன. வயதான சிவப்பணுக்களை வடித்தெடுப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்ற செய்தி அதற்குப் பிறகு யாருக்கு மறக்கும்?

இனி குறைகள். ஆசிரியை திசுக்களுக்கு ஒதுக்கியது அரைமணி நேரம். புறப்படலத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். இரத்தமும் எலும்பும் இணைப்புத் திசுவில்தான் அடங்கும் என்பது எவரையும் வியக்க வைக்கக்கூடிய செய்தி. அது ஒரு வரியில் கடந்துபோயிற்று. அதைவிட முக்கியமாக, நம் பேச்சில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல் படும் பாட்டை அவர் எடுத்திருக்க வேண்டும். நரம்பில் ஊசி போட்டார்கள் என்கிறோம், அது சிரை. நரம்பு சுளுக்கிக்கொண்டது என்கிறோம், அது தசைநாரோ தசையோ. உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்தும் உண்மையான நரம்பு இவையிரண்டும் அன்று. மருத்துவரிடம் நாம் சொல்வது ஒன்றாகவும் அவர் எழுதுவது வேறாகவும் போவதற்கு ‘வயிறு’, ‘நரம்பு’ ஆகிய இரண்டு சொற்களே பெரும்பாலும் காரணம் என்பது என் எண்ணம். சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்கட்டுகளான சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, வெண்ணீர் ஆகியவற்றையும் ஒருமுறை நினைவுபடுத்தியிருக்கலாம். அந்த வரிசையில் ‘மூளை’ என்பது எலும்புக்குள் இருக்கும் மச்சை என்பதை நல்லி எலும்பு உறிஞ்சும் ஊரில் எளிதாகச் சொல்லியிருக்க முடியும்.

உண்மையான குறை கையேட்டில்தான். 64 பக்கம், அச்சு தெளிவு, விலைக்குத் தரமான தாள். ஆனால் எல்லாச் சொற்களையும் தமிழ் எழுத்தில் மட்டுமே தந்து, மூல ஆங்கில எழுத்துக்கூட்டலை அடியோடு விட்டுவிட்டார்கள். தமிழில் வாசிப்பவர் மிரளக்கூடாது என்ற நல்லெண்ணம் புரிகிறது. எனினும், 31ஆம் பக்கத்தில் ‘இலியம்: சிறுகுடலின் கடைப்பகுதி’ என்றும், 46ஆம் பக்கத்தில் ‘இலியம்: இடுப்பெலும்பின் மேற்பகுதி’ என்றும் இருந்தால் வாசகர் என்ன செய்வார்? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடுவில் ஓர் எழுத்து மாறுகிறது. தமிழில் அந்த வேறுபாடு மறைந்து, குடலும் எலும்பும் ஒன்றாகிவிடுகின்றன. ஸ்கேன் அறிக்கை நம் கைக்கு ஆங்கிலத்தில்தான் வருகிறது என்பதால், எழுத்துக்கூட்டல் இல்லாத கையேடு பாதி வழியில் இறக்கிவிடும் பேருந்து.

‘ஓமா’ என்ற விகுதிக்குக் கையேடு தரும் பொருள் ‘கட்டி, புற்று’. இதை நம்பி, வழுக்கி விழுந்த பக்கத்து வீட்டு ஆயாவின் அறிக்கையில் ‘ஹீமட்டோமா’ என்று கண்டு நான் இரண்டு நாள் வெளியே சொல்லமுடியாமல் தவித்தேன். அது வெறும் இரத்தக்கட்டு. கண்ணில் வரும் கிளாக்கோமாவும் கட்டியன்று; லிப்போமா கொழுப்புக் கட்டியே தவிரப் புற்றன்று. அடுத்த ஞாயிறு கேட்டபோது ஆசிரியை தயங்காமல் பிழையை ஒப்புக்கொண்டார். அது அவர் பெருமை. அதே பிழை முந்தைய அணியிலும் சுட்டப்பட்டதாம். அப்படியிருந்தும் அச்சில் திருத்தாமல் விற்பது சரியன்று.

வசதிகள் பற்றி: குடிநீர் உண்டு, மின்விசிறி ஒன்றுதான், தரையில் அமரமுடியாதவர்களுக்கு நாற்காலி கேட்டால் கிடைக்கும். இடைவேளைக் காப்பி நன்றாக இருந்தது.

வீட்டிலுள்ள நோயாளியின் தாளோடு வருபவர்கள் தாராளமாகச் சேரலாம். நோயைத் தாமே கண்டுபிடித்து மருத்துவரை மடக்கலாம் என்று வருபவர்களுக்கு இது இடமில்லை என்று ஆசிரியையே முதல் நாளில் சொல்லிவிடுகிறார். கையேட்டை வாங்குபவர்கள் ஒரு பென்சிலையும் எடுத்துச் செல்லவும். கடைசி ஞாயிறன்று நாங்கள் பதினேழு பேரும் 31ஆம் பக்கத்திலும் 46ஆம் பக்கத்திலும் அந்த ஓர் எழுத்தை ஓரத்தில் எழுதிக்கொண்டோம். விற்காமல் மீந்திருந்த பிரதிகளில் எழுதும் வேலையை மருந்துக்கடை இளைஞர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.