நல்ல டிரைவிங் மாஸ்டர் கிடைத்த கதை: 3 வருட அனுபவம்

38 வயதில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளக் கிளம்பினேன். லைசென்ஸ் வாங்கி இப்போது 3 வருடமாகிறது. மழையிலும் நெடுஞ்சாலையிலும் தனியாகவே ஓட்டுகிறேன். என்னைப் போலப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் முதல் மாஸ்டர் திட்டவே மாட்டார், நல்ல மனிதர். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் பிரேக், கிளச் உண்டு. நான் தடுமாறுவதற்குள் அவரே மிதித்துவிடுவார், ஒரு வார்த்தை சொல்லாமல். பத்து வகுப்பில் நன்றாக ஓட்டுகிறேன் என்று நம்பிவிட்டேன். அப்புறம் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர் காரை எடுத்தேன். முதல் திருப்பத்திலேயே வண்டி ஆஃப் ஆகி நடுரோட்டில் நின்றது. அதுவரை வண்டியை ஓட்டியதில் பாதி மாஸ்டரின் கால்தான் என்று அன்றுதான் புரிந்தது. 8 மாதம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அடுத்த மாஸ்டரைத் தேடியபோது, “பயப்படுறவங்களுக்குச் சொல்லிக்கொடுப்பீங்களா?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “முதல் நாள் என்ன செய்வோம்?” என்று கேட்டேன். “நேரா ரோட்டுக்குப் போயிடலாம், பயம் தன்னால போயிடும்” என்றார் ஒருவர். இன்னொருவர் திருப்பிக் கேட்டார்: “உங்களுக்கு எது பயம்? வண்டி ஆஃப் ஆயிடுமோன்னா, யார் மேலயாவது மோதிடுவோமோன்னா?” அவரிடமே சேர்ந்தேன்.

மோதிவிடுவோமோ என்பதுதான் என் பயம். அதனால் முதல் நாள் காலி மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் போய் நிறுத்துவது மட்டும்தான், திரும்பத் திரும்ப. மறுநாள் கிளச். ஹேண்ட்பிரேக் போட்டபடி முதல் கியரில் இடது காலை மெல்ல மெல்லத் தூக்கச் சொன்னார். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்தது, முன்பக்கம் லேசாக எழும்பியது. “அங்கயே நிறுத்துங்க, மூணு எண்ணுங்க.” ஹாஃப் கிளச் என்று நூறு முறை கேட்டிருக்கிறேன், அன்றுதான் அது காலுக்குத் தெரிந்தது.

அவர் தன் பெடலை மிதித்த ஒவ்வொரு முறையும் “இப்ப நான் மிதிச்சேன்” என்று சொல்லிவிடுவார். வகுப்பு முடிந்ததும் எண்ணிக்கையைக் குறித்துவைப்பேன். முதல் முறை ரோட்டுக்கு வந்த நாளில் 14. இரண்டு வாரத்தில் 5. கடைசி மூன்று வகுப்பில் அவர் கால் பெடல் பக்கமே போகவில்லை. என் பயத்தைக் குறைத்தது அந்த எண்கள்தான், தைரியம் சொன்னவர்கள் அல்ல.

இடைவெளி விடக் கற்றுத்தந்த விதமும் பிடித்தது. முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். நாம் அதே கம்பத்துக்கு வர 2 விநாடியாவது ஆக வேண்டும், மழையென்றால் 4. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குள் வண்டி கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும் என்று அவர் சொன்ன பிறகு ஒரு நாளும் எண்ணாமல் விட்டதில்லை.

குறை ஒன்று உண்டு. இரவு ஓட்டத்துக்கு அவர் கூட்டிப்போகவே இல்லை. எதிர்வண்டி வெளிச்சத்தில் சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்டும் பழக்கம் வர எனக்குப் பல மாதமானது. சேரும்போதே இருட்டில் இரண்டு வகுப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வகுப்பில் மாஸ்டர் சரியில்லை என்று தோன்றினால், கட்டிய பணத்தை நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். “இன்னிக்கு நீங்க எத்தனை தடவை மிதிச்சீங்க?” என்று அவரிடமே கேளுங்கள்.