பழைய கறுப்பு வெள்ளைப் பயணப் படங்களை அடுக்க டிஜிகேம்

1986 முதல் 1998 வரை நண்பர் ஒருவரும் நானும் கர்நாடகத்துக் கோயில்களைச் சுற்றியபோது எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன். ஏறத்தாழ 2,000 படங்கள். ஒவ்வொரு ரோலுக்கும் எண் மறுபடி ஒன்றிலிருந்தே தொடங்கியிருந்தது. போதாக்குறைக்கு, அத்தனையும் ஸ்கேன் செய்த நாளிலேயே எடுத்தவை என்று கணினி சாதித்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நான் நான்கு மாதங்களாகப் பயன்படுத்திவரும் டிஜிகேம் என்ற மென்பொருளைப் பற்றியது இந்த மதிப்புரை. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இயங்கும் இந்தக் கட்டற்ற மென்பொருளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை.

வண்ணப் படமாக இருந்தால் பாதாமியின் செம்மணற்கல்லையும் ஹம்பியின் கருங்கல்லையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் சாம்பல்தான். ஆகவே நெகட்டிவ் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் அச்சாகியிருக்கும் பிலிம் பெயரையும் பட எண்ணையும் பார்த்துத்தான் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ‘எச்.பி.5 பிளஸ்’ என்று ஓரத்தில் இருந்தால் அந்த ரோல் 1989-க்கு முந்தையதாக இருக்க முடியாது, ஏனெனில் இல்போர்டு நிறுவனம் அந்தப் பிலிமை அந்த ஆண்டில்தான் வெளியிட்டது. இப்படி ஒரு ரோலின் காலம் தெரிந்துவிட்டால், அதன் 36 படங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளையில் நாளை மாற்றிவிடலாம். ஆனால் நாளைக் குறிக்கும் கட்டம் ஆண்டு, மாதம், தேதி, மணி அனைத்தையும் கேட்கிறது. ஆண்டு மட்டும் தெரிந்த ரோல்களுக்கு ஜூலை 1 என்று இட்டு, ‘நாள் உத்தேசம்’ என்ற குறிச்சொல்லையும் (டேக்) சேர்த்துவைத்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பயன்பட்டது குறிச்சொல் வசதிதான். கர்நாடகம், அதனுள் ஹம்பி, அதனுள் விட்டலர் கோயில் என்று கிளை கிளையாகத் தமிழிலேயே அமைக்கலாம், தமிழிலேயே தேடலாம். அமைப்புகளில் மெட்டாடேட்டா (படத்தைப் பற்றிய விவரங்கள்) என்ற பகுதிக்குச் சென்று, இந்த விவரங்கள் படக் கோப்பின் உள்ளேயே எழுதப்படுகின்றனவா என்பதை முதல் நாளே சரிபார்த்துக்கொள்வது நல்லது. அப்படி எழுதினால்தான் நாளை வேறொரு மென்பொருளுக்கு மாறினாலும் உழைப்பு வீணாகாது. சில துண்டுகளை ஸ்டூடியோவில் புறம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருந்தார்கள் என்பது, ஹொசபேட்டை பேருந்து ஒன்றின் கன்னடப் பெயர்ப்பலகை கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருந்ததைப் பார்த்த பிறகே எனக்கு உறைத்தது. அவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் திருப்ப முடிந்தது.

திரை முழுக்கப் பொத்தான்களும் பட்டைகளுமாக இருப்பதால் முதல் வாரம் மலைப்பாகத்தான் இருக்கும். கைப்பேசிச் செயலிகளுக்குப் பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் என்றே நினைக்கிறேன். முக அடையாளம் காணும் வசதியும் உண்டு. எங்கள் படங்களில் இருப்பவை பெரும்பாலும் கற்சிலைகள் என்பதால் அதை நான் தொடவில்லை.

பகிர்வதைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு உள்ளே எழுதிய விவரங்களும் உதிர்ந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். நான் தேர்ந்தெடுத்த 300 படங்களை, டிஜிகேமில் இருக்கும் எச்.டி.எம்.எல். தொகுப்பு வசதியால் இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும் ஆல்பமாக்கி, பென் டிரைவில் நண்பருக்கு அனுப்பினேன். மறுநாளே தொலைபேசி வந்தது. “அது ஐஹொளெ இல்லையப்பா, பட்டதகல். வடநாட்டுச் சிகரமும் நம்மூர் விமானமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதே, பார்க்கவில்லையா?” என்றார். ஐஹொளெ என்று நான் தவறாகக் குறித்திருந்த 23 படங்களிலும் குறிச்சொல்லை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அனுப்பிவிட்ட ஆல்பம் தானாகத் திருந்தாது என்பதால், அதை மறுபடி உருவாக்கி இன்னொரு பென் டிரைவில் அனுப்ப வேண்டியதாயிற்று.