பழைய அகராதிகளில் நாடும் தேசமும்: பல வருடப் புழக்கத்தில் கண்டது

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து நெல்லை வட்டாரக் கல்வெட்டுகளையும் பழைய அச்சுப் புத்தகங்களையும் படித்துவருகிறேன். அகராதி இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. தமிழ் லெக்சிகன், வின்சுலோ, பாப்ரிசியஸ், சதுரகராதி எல்லாமே பல வருடப் பழக்கம். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வழி சொல்வேன். நாடு, சீமை, சாதி என்ற மூன்று சொற்களை ஒவ்வொன்றிலும் பாருங்கள். எந்த அகராதி எதற்கு உதவும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் லெக்சிகன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தது, 1939-இல் அநுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். 1926-இலிருந்து பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை, நம்ம நெல்லைச் சீமைக்காரர். திருநெல்வேலி வழக்கு என்று தனிக் குறியே இட்டிருக்கிறார்கள். வீட்டில் பேசுகிற சொல்லை அந்தக் குறியோடு அச்சில் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனசு நிறையும்.

அதில் 'நாடு' என்று பார்த்தால் தேசம் மட்டும் வராது. இடம், பூமி, மருதநிலம் என்று விரியும். இந்த மருதநிலம் என்ற பொருள்தான் தாமிரபரணிக் கரைக்காரனுக்குப் பெரிய உதவி. கல்வெட்டுகளில் அம்பாசமுத்திரம் 'முள்ளிநாட்டு இளங்கோக்குடி'. சேரன்மகாதேவியும் முள்ளிநாடுதான். திருநெல்வேலி கீழ்வேம்பநாட்டில் இருக்கிறது. ஆழ்வார்திருநகரிப் பக்கம் திருவழுதி வளநாடு. பஸ்ஸில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள் இத்தனை நாடுகளைக் கடந்துவிடலாம்! இங்கே நாடு என்றால் கொடியும் எல்லைப் படையும் கொண்ட தேசம் இல்லை. ஒரே தண்ணீரை நம்பி விவசாயம் பார்த்த சில ஊர்களின் தொகுப்பு. நாட்டார் என்பவர்கள் கூடி முடிவெடுத்த சபையார். பாண்டிய நாடு என்ற பெரிய நாட்டுக்குள் இப்படிப் பல சின்ன நாடுகள். அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவர்களுக்கு இந்தக் கல்வெட்டுகள் பிடிபடாது.

குறையும் உண்டு. நாடு என்பதற்குத் தேசம் என்று போட்டிருக்கும். சரி, தேசம் என்றால் என்ன என்று போனால் நாடு என்று திருப்பி அனுப்பிவிடும். கூடவே இருக்கிற ஆங்கில விளக்கத்தையும் மேற்கோளையும் படித்தால்தான் தெளிவு வரும். மேற்கோளைத் தாண்டிப் போகாதீர்கள், லெக்சிகனின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று, அகரவரிசையில் நாட்டாண்மை, நாட்டார், நாட்டுப்புறம் எல்லாம் 'நாடு' வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும். சில பக்கம் பின்னால் புரட்டி அவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் சொல்லின் முழு அளவு தெரியும்.

அடுத்தது சீமை. எனக்கு மிகவும் பிடித்த பதிவு இதுதான். எல்லை என்று தொடங்கி, எல்லைக்குட்பட்ட நிலப்பகுதி என்றாகி, கடைசியில் கடல் தாண்டிய வெள்ளைக்காரன் தேசத்தில் போய் நிற்கிறது. இந்தப் பொருள்கள் இன்னும் நம் ஊரில் சேர்ந்தே நடமாடுகின்றன. பழைய வீட்டுக்குக் கூரை மாற்ற ஓட்டுக் கடைக்குப் போனபோது கடைக்கார அண்ணாச்சி கேட்டார், "நாட்டு ஓடா, சீமை ஓடா? நம்ம சீமையில இப்ப நாட்டு ஓடு சூளை போடுறதுக்கு ஆளு இல்லியே அண்ணாச்சி." முதல் சீமை வெளியிலிருந்து வந்த பட்டை ஓடு. இரண்டாவது சீமை திருநெல்வேலி. அவருக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. மிரோன் வின்சுலோவின் அகராதி 1862-இல் வந்தது, அறுபத்தேழாயிரத்துச் சொச்சம் சொற்கள். இப்படிப்பட்ட புழக்கச் சொற்களுக்கு அதையும் கட்டாயம் பார்ப்பேன். மேற்கோள் கிடைக்காது, ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சொல் எப்படிப் புழங்கியது என்ற வாடை அதில் உண்டு.

அப்புறம் சாதி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். பழைய அகராதிகளில் பிறப்பு, இனம், குலம், வகை என்று சொல் அகலமாக இருக்கிறது. பாப்ரிசியஸ் 1779-இல் அகராதி அச்சிட்டவர், விவிலியத்தையும் தமிழில் பெயர்த்தவர். பாளையங்கோட்டை தேவாலயங்களில் இன்றும் வாசிக்கிற விவிலியத்தில் 'சகல ஜாதிகளையும் சீஷராக்கி' என்று வரும். அங்கே ஜாதிகள் என்றால் உலகத்து மக்களினங்கள். எட்டயபுரத்துப் பாரதியும் வந்தே மாதரம் பாட்டைத் தமிழாக்கி 'ஜாதீய கீதம்' என்றே தலைப்பிட்டார். தேசிய கீதம் என்று நாம் சொல்வதைத்தான் அப்படிச் சொன்னார். வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது 1906-இல். 1908 மார்ச்சில் திருநெல்வேலியே கொந்தளித்தது. அந்தக் காலத்து எழுத்தைப் படிக்கிறவர்கள் இன்றைய சாதியை அதில் ஏற்றிவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்பேன். படிக்க வரும் பிள்ளைகள் அந்தத் தலைப்பைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். பழைய அகராதியைத் திறந்து காட்டினால் போதும், பாட்டு அவர்களுக்குத் திறந்துவிடும்.

வீரமாமுனிவரின் சதுரகராதியை (1732) இந்த வேலைக்கு அதிகம் எடுப்பதில்லை. பெயர், பொருள், தொகை, தொடை என்று நாலு பகுதி. ஒரு சொல்லுக்கு அக்காலத்தில் என்னென்ன மாற்றுச்சொல் இருந்தது என்று விரசாகப் பார்க்க நல்லது, நீண்ட விளக்கம் எதிர்பார்க்க வேண்டாம்.

லெக்சிகன், வின்சுலோ, பாப்ரிசியஸ் மூன்றையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். கல்வெட்டு பார்க்க ஊர் ஊராகப் போகும்போது செல்போனில் அதுதான் எனக்குத் துணை. ஆனால் தேடிய சொல் மட்டும் வந்து நிற்கும், அக்கம்பக்கத்துச் சொல் கண்ணில் படாது. வீட்டில் இருக்கும்போது அச்சுப் பிரதிதான் எடுப்பேன். ஆறு தொகுதிக்கும் அலமாரியில் ஒரு தட்டு முழுசாக வேண்டும். மழைக்காலத்தில் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் வேப்பிலையும் வசம்பும் வைக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இணையத்தில் பழகிவிட்டு, பிறகு லெக்சிகனின் மறுபதிப்பைத் தேடி வாங்குங்கள். பழைய புத்தகக் கடைகளில் தனித்தனித் தொகுதியாகத்தான் அகப்படும். நாடு, தேசம், சாதி என்று சமூகச் சொற்களுக்காகவே வாங்குவதானால் எந்தத் தொகுதியில் எந்த எழுத்து இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.