ஸ்டாலில் விற்கும் ஜீன் டெஸ்ட், குடல் டெஸ்ட்: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஞாயிற்றுக்கிழமை காலை மேசை போட்டு பேனர் கட்டி, ஜீன் டெஸ்ட்டும், மலத்தில் உள்ள பாக்டீரியாக்களைப் பார்க்கும் குடல் டெஸ்ட்டும் சேர்ந்த பேக்கேஜ் ஒன்றை விற்றிருக்கிறார்கள். தம்பதியாக வாங்கினால் 21,000 ரூபாய். அப்படி வாங்கிய ஒரு வீட்டின் ரிப்போர்ட் இரண்டும் இப்போது எங்கள் முன்னால் இருக்கின்றன. மனைவிக்கு வயது 41. அவருடைய அம்மாவும் சித்தியும் மார்பகப் புற்றுநோயில் இறந்தவர்கள். கணவருக்கு 46. நாலு மாதமாக வயிற்றுப்போக்கு, சில நாள் மலத்தில் ரத்தம். இரண்டையும் ஸ்டாலில் இருந்தவரிடம் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார்கள். "அதுக்குத்தானே சார் இந்த டெஸ்ட்டே" என்று பதில் வந்திருக்கிறது.

மனைவியின் ரிப்போர்ட்டில் மார்பகப் புற்றுநோய்க்கு நேரே பச்சை வட்டம். கணவருக்குக் குடல் மதிப்பெண் நூற்றுக்கு 41, அதைச் சரிசெய்ய மாதம் 2,400 ரூபாய்க்கு புரோபயாட்டிக் மாத்திரை, மூன்று மாதத்துக்கு. மூன்று மாதமும் ஒரு வேளை விடாமல் சாப்பிட்டார். ரத்தம் நிற்கவில்லை. பிறகு வேறு டாக்டரிடம் போய் கொலனோஸ்கோபி எடுத்ததில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று தெரிந்தது. பெருங்குடலின் உட்புறம் புண்ணாகும் நோய் அது. பெரும்பாலும் மருந்துக்கு அடங்கும், ஆனால் தள்ளிப்போட்டால் முற்றும்.

விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஒரு பெயரைத் தவிர்த்தால் தப்பிவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. இதே அச்சில் வார்த்த ரிப்போர்ட்டுகள் வேறு வேறு முத்திரையோடு வருகின்றன.

முதலில் அந்தப் பச்சை வட்டம். உயிருக்கு ஆபத்தானது அதுதான். ரிப்போர்ட்டின் 34ஆம் பக்கத்தில், அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் 'மைக்ரோ அரே முறை. பிஆர்சிஏ 1, 2 ஜீன்களில் 3 மாற்றங்கள் மட்டும்' என்று இருக்கிறது. மனிதனின் மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள் உண்டு. மைக்ரோ அரே சிப் அவற்றில் முன்கூட்டியே குறித்து வைத்த சில லட்சம் இடங்களை மட்டும் பார்க்கும். பிஆர்சிஏ ஜீன்கள் இரண்டும் கெட்டால் மார்பக, சூலகப் புற்றுநோய் ஆபத்து கூடும்; அவற்றில் நோய் தரக்கூடிய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. இந்த ரிப்போர்ட் பார்த்த மூன்றும் அஷ்கனாசி எனப்படும் கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அவற்றில் ஒன்று நம் ஊர்க் குடும்பங்களிலும் கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. மீதி ஆயிரங்களை யார் பார்த்தது? 2018இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதே மூன்று மாற்றங்களுக்கான டெஸ்ட்டை நேரடியாக மக்களுக்கு விற்க அனுமதித்தபோதே, 'இல்லை' என்று வந்தால் புற்றுநோய் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சேர்த்துச் சொன்னது. அந்த எச்சரிக்கை பள்ளிக்கரணை ஸ்டாலுக்கு வந்து சேரவில்லை. பச்சை வட்டத்தைப் பார்த்த மனைவி அந்த வருடம் எடுக்க வேண்டிய மேமோகிராமை, அதாவது மார்பக எக்ஸ்ரேயை, தள்ளிப்போட்டுவிட்டார்.

இப்படிக் குடும்ப வரலாறு உள்ளவருக்குச் செய்ய வேண்டியது வேறு. முதலில் ஜெனடிக் கவுன்சிலர் உட்கார்ந்து மூன்று தலைமுறைக்கு வம்ச வரைபடம் போட வேண்டும்: யாருக்கு, எந்தப் புற்றுநோய், எந்த வயதில். அப்பா வழியையும் கேட்க வேண்டும், பிஆர்சிஏ மாற்றம் அப்பாவிடமிருந்தும் வரும். பிறகு ஊதா மூடி போட்ட ஈடிடிஏ குழாயில் 3 அல்லது 4 மில்லி ரத்தம் எடுத்து, ஜீனை முழுவதுமாக வரிசைப்படுத்தும் டெஸ்ட். அதோடு, ஜீனின் ஒரு துண்டே காணாமல் போயிருந்தாலோ இரட்டித்திருந்தாலோ கண்டுபிடிக்கும் எம்எல்பிஏ போன்ற முறையும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். நோய் வந்த உறவினர் உயிரோடு இருந்தால் முதலில் அவருக்குத்தான் எடுக்க வேண்டும். அவரிடம் மாற்றம் கண்டுபிடித்த பிறகு மகளிடம் அதே மாற்றம் 'இல்லை' என்று வந்தால்தான் அந்த 'இல்லை' உறுதியானது. இந்த வீட்டில் அம்மாவும் சித்தியும் இல்லை என்பதால், மகளுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் மேமோகிராம் போன்ற பரிசோதனையைத் தொடரத்தான் வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, போரூர் ராமச்சந்திரா, வேலூர் சிஎம்சி ஆகிய இடங்களில் இதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள்.

சிவப்பு வட்டம் வந்தவர்களும் பதறாதீர்கள். இப்படி நேரடியாக விற்கும் டெஸ்ட்டுகளின் மூலத் தரவில் 'இருக்கிறது' என்று வந்த மாற்றங்களை முறையான லேபில் மறுபடி சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2018இல் வெளிவந்தது. நூற்றுக்கு 40 பொய்யாகப் போயின. சிப் முறைக்கு அபூர்வமான மாற்றங்களைச் சரியாகப் படிக்க வராது, அதுதான் காரணம். சிப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சூலகத்தை எடுப்பதா வேண்டாமா என்ற முடிவுக்கு யாரும் போகக் கூடாது.

மற்ற வட்டங்களில் அதிகம் பணம் பறிப்பது எம்டிஎச்எஃப்ஆர் என்ற ஜீன். இதில் சர்வசாதாரணமான ஒரு மாற்றம் இருந்தால்கூட 'ஆபத்து' என்று சிவப்பு அடித்து, விலை கூடிய ஃபோலேட் வைட்டமின் மாத்திரையைத் தலையில் கட்டுகிறார்கள். ரத்தம் உறையும் கோளாறைத் தேடுவதற்காக இந்த டெஸ்ட்டை எழுதவே வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013லேயே சொல்லிவிட்டது. 'பால் ஒத்துக்கொள்ளாது' என்ற வட்டமும் அப்படித்தான். வளர்ந்த பிறகும் பால் செரிக்க உதவும் மாற்றம் தென்னிந்தியர்களிடம் குறைவு, அதனால் இங்கே பாதிக்கு மேல் சிவப்பாகத்தான் வரும். காலையும் மாலையும் ஃபில்டர் காபி குடித்துவிட்டு வயிறு அமைதியாக இருக்கிறதா? அப்படியானால் அந்த வட்டத்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள், செலவில்லை.

சர்க்கரை, இதயம், உடல் பருமன் என்று வரும் வட்டங்கள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மாற்றங்களைக் கூட்டிப் போடும் கணக்கு. அந்தக் கணக்குக்கு அடிப்படையான ஆய்வுகளில் கலந்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் மக்களுக்கு அது அதே துல்லியத்தோடு பொருந்தாது. 'இரண்டு மடங்கு ஆபத்து' என்று போட்டிருந்தால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். ஆயிரத்தில் 1 ஆயிரத்தில் 2 ஆவதும் இரண்டு மடங்குதான்.

ஜீன் டெஸ்ட்டே வீண் என்று எண்ணிவிட வேண்டாம். வலிப்புக்கு கார்பமஸிபின் தொடங்குமுன் எச்எல்ஏ-பி 15:02, எதிர்ப்புசக்தியை அடக்கும் அசத்தியோபிரின் மருந்து தொடங்குமுன் டிபிஎம்டி, நுட்15, சில புற்றுநோய் மருந்துகளுக்கு முன் டிபிஒய்டி — இந்த ஜீன் டெஸ்ட்டுகள் கடுமையான பக்கவிளைவிலிருந்து காப்பாற்றும். டாக்டர் ஒரு கேள்வியோடு எழுதிக் கொடுப்பார், பதிலைப் பார்த்து மருந்து மாறும். சொந்தத்தில் கல்யாணம் பேசும் வீடுகளுக்கு, தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயைக் கடத்துபவரா என்று பார்க்க எச்பிஎல்சி ரத்தப் பரிசோதனையே முதல் படி. அதற்கு ஜீன் பேக்கேஜ் தேவையில்லை.

இனி குடல். கணவரின் சாம்பிள் எடுத்த விதத்திலேயே டெஸ்ட் பாதி கெட்டுவிட்டது. கிட்டில் வரும் குழாயில் கொஞ்சம் திரவம் இருக்கும். பாக்டீரியா மேற்கொண்டு பெருகாமல் அப்படியே நிறுத்தி வைப்பது அதுதான். மூடியோடு ஒட்டியிருக்கும் சின்னக் கரண்டியில் சுண்டைக்காய் அளவு மலம் எடுத்து, திரவத்தில் போட்டு, கட்டி கரையும்வரை குலுக்க வேண்டும். கழிப்பறைத் தண்ணீரோ சிறுநீரோ படக் கூடாது, அதனால் காகிதமோ தட்டோ விரித்து அதில்தான் எடுக்க வேண்டும். இவருக்கு யாரும் சொல்லவில்லை. நிறைய கொடுத்தால் நன்றாகப் பார்ப்பார்கள் என்று நினைத்துக் குழாயின் கழுத்துவரை நிரப்பியிருக்கிறார். திரவம் எல்லாவற்றையும் நனைக்காது. அந்தக் குழாய் மே மாத வெயிலில் இரண்டு நாள் செக்யூரிட்டி அறையில் கிடந்தது. திரவம் படாத மலத்தில் ஈ.கோலை வகைப் பாக்டீரியாக்கள் குழாய்க்குள்ளேயே மளமளவென்று பெருகும். ரிப்போர்ட்டில் 'கெட்ட பாக்டீரியா அதிகம்' என்று வந்தது, அது வயிற்றில் இருந்ததா குழாயில் வளர்ந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மூன்று வாரத்துக்கு முன் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்ததையும் படிவத்தில் கேட்கவில்லை. குறைந்தது நாலு வார இடைவெளியாவது வேண்டும்.

லேபில் நடப்பது என்ன? விலை குறைந்த பேக்கேஜ்களில் 16எஸ் என்ற முறை. பாக்டீரியாவின் ஒரே ஒரு ஜீனில் ஒரு துண்டை மட்டும் படித்து, இது எந்தக் குடும்பம், எந்தப் பேரினம் என்று சொல்லும். இனம்வரை உறுதியாகச் சொல்ல, எல்லா ஜீன்களையும் படிக்கும் ஷாட்கன் முறை வேண்டும். 16எஸ் செய்துவிட்டு இன்ன இனம் இத்தனை சதவீதம் என்று தசமப் புள்ளியோடு அச்சடித்திருந்தால் அது நம்பத் தகுந்ததல்ல. சதவீதம் என்பதும் ஏமாற்றும்: மொத்தம் எப்போதும் 100. ஒன்று குறைந்தால் மற்றது தானாகவே கூடியதாகத் தெரியும், எண்ணிக்கை மாறியே இருக்காது.

இவர் ரிப்போர்ட்டில் பிரெவோடெல்லா என்ற பாக்டீரியா சிவப்பில் இருக்கிறது. அரிசி, பருப்பு, காய்கறி தின்று வளர்ந்த இந்தியக் குடலில் பிரெவோடெல்லா அதிகம் இருப்பது இயல்பு. மேற்கத்தியர் சாப்பாட்டுக்கு வைத்த அளவுகோலை சாம்பார் சாதக்காரருக்குப் போட்டால் அது நோய் மாதிரி தெரியும். ஃபர்மிக்யூட்ஸ்-பாக்டீராய்டீட்ஸ் என்ற இரண்டு பெரிய பாக்டீரியாப் பிரிவுகளின் விகிதம் என்று இன்னொரு படம். 2024 இறுதியில் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை அந்த விகிதத்தை ரிப்போர்ட்டில் போடவே வேண்டாம் என்கிறது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் மக்கள் தாங்களாகவே இந்த டெஸ்ட் எடுப்பதையும் அது ஊக்குவிக்கவில்லை. நூற்றுக்கு 41 என்ற மதிப்பெண்ணுக்கு எந்த அலகும் இல்லை, எந்த மருத்துவ அமைப்பும் ஏற்ற இயல்பளவும் இல்லை. அந்தந்த நிறுவனம் தானே போட்டுக்கொள்ளும் மார்க் அது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை — இதில் ஒன்று இருந்தாலும் நேரே குடல் மருத்துவரிடம் போங்கள். அவர் எழுதுவது மலச் சோதனை, கல்ச்சர், ஃபீக்கல் கால்புரோடெக்டின். கால்புரோடெக்டின் குடலில் அழற்சி இருக்கிறதா என்பதைக் காட்டும். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பொதுவாக நிம்மதி. இவருக்கு அன்றைக்கே இதை எடுத்திருந்தால் மூன்று மாதம் வீணாகியிருக்காது. பேக்கேஜ் 'உணவு ஒவ்வாமை 200' என்று ஐஜிஜி டெஸ்ட்டையும் சேர்த்துத் தந்தால் வாங்காதீர்கள். ஐஜிஜி ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் பொருள்; ஒரு உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். அதை வைத்து முட்டை, கோதுமை, கடலை என்று நிறுத்திக் குழந்தைகளை மெலிய விடுகிறார்கள்.

குழந்தைகள் என்றதும் இன்னொன்று. 'உங்க பையனுக்கு எந்தத் துறை வரும்' என்று பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஜீன் டெஸ்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பணம் கட்டுமுன் நாலு கேள்வியை எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் போதும். என்ன முறை, எந்த ஜீனில் எத்தனை மாற்றம்? ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் டாக்டரின் பதிவு எண் என்ன? இந்த டெஸ்ட் உங்கள் என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா? என் சாம்பிளும் தரவும் யாரிடம் போகும், அழிக்கச் சொன்னால் அழிப்பீர்களா? மூன்றாவதை அவர்கள் வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் லேபுக்கு மொத்தமாகக் கிடைப்பதல்ல, டெஸ்ட் டெஸ்டாகப் பட்டியல் போட்டுக் கொடுப்பது. சர்க்கரை டெஸ்ட்டுக்கு வாங்கிய முத்திரையைக் குடல் டெஸ்ட் விளம்பரத்தில் ஒட்டுவார்கள். என்ஏபிஎல் தளத்தில் லேபின் பெயரைப் போட்டால் பட்டியல் கிடைக்கும். நாலாவதும் வெறும் சம்பிரதாயமல்ல. அமெரிக்காவின் ஜீன் டெஸ்ட் நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. கடவுச்சொல்லை மாற்றலாம், ஜீனை மாற்ற முடியாது, அதில் உங்கள் தம்பி தங்கையின் ஜீனும் பாதி இருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில், விளம்பரப் படம், வாட்ஸ்அப் பேச்சு, குழாயின் பார்கோடு, ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கமும் பத்திரமாக வையுங்கள். மேலே சொன்ன நாலு கேள்வியோடு மூலத் தரவுக் கோப்பையும் கேட்டு, 15 நாள் தவணை கொடுத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை.

புகாரில் 'டெஸ்ட் தப்பு' என்று எழுதாதீர்கள். அதை நிரூபிக்க நிபுணர் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும். 'அம்மாவுக்கும் சித்திக்கும் புற்றுநோய் என்று சொன்ன பிறகும், மூன்று மாற்றம் மட்டுமே பார்ப்போம் என்பதை விற்கும்போது மறைத்தார்கள்' என்று எழுதுங்கள். அதற்கு ஸ்டாலில் கொடுத்த நோட்டீசும் 34ஆம் பக்கமும் போதும்.