டிஸ்பென்சரியை யாருக்கு விற்பது: நிதியத்தின் கொம்பனிக்கா, இளம் டொக்டருக்கா?

திருகோணமலை உவர்மலையில் நான் நடத்திவந்த டிஸ்பென்சரியை இரண்டு தரப்பு கேட்டது. ஒன்று, தனியார் முதலீட்டு நிதியத்தின் பணத்தில் கிளினிக்குகளை வாங்கிச் சேர்க்கும் கொழும்புக் கொம்பனி. மற்றது, பகலில் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் பின்னேரத்தில் என்னிடமும் வேலை பார்த்த இளம் டொக்டர். நான் டொக்டருக்குத்தான் கொடுத்தேன். விற்கும் யோசனையில் இருக்கும் வைத்தியர்களுக்கு என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

விலையில் கொம்பனிதான் மேலே, அதில் பேச்சே இல்லை. வருடாந்தப் பதிவு, வரி, சம்பளம் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். டொக்டர் வங்கிக் கடனும் தவணையுமாகத்தான் வந்தார்.

ஆனால் கொம்பனி சொன்ன விலை முழுவதும் கைக்கு வருகிற காசு இல்லை. ஒரு பகுதி காசு. ஒரு பகுதி தாய்க் கொம்பனியின் பங்குகள். மிச்சம், நான் தொடர்ந்து வேலை செய்து வருமான இலக்கை எட்டினால் மட்டும். காய்ச்சலோடு வருகிற பிள்ளையைப் பார்க்கும்போது மனதில் இலக்கு ஓடக்கூடாது என்பது என் பிடிவாதம். விலகினால் 15 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் நோயாளர் பார்க்கக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை. வரைபடத்தில் வட்டம் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நிலாவெளி, கன்னியா, கிண்ணியா எல்லாம் வட்டத்துக்குள். ஊரை விட்டுப் போ என்பதுதான் அதன் அர்த்தம்.

இதையெல்லாம் பேசிக் குறைக்கலாம். பேசிக் குறைக்க முடியாதது இரண்டாவது விற்பனை. நிதியம் வாங்குவதே விற்பதற்குத்தான். பொதுவாக 3 முதல் 7 வருடத்துக்குள் கைமாற்றிவிடும். யாருக்கு என்பதில் சிறு பங்குக்காரரான எனக்குப் பேச்சில்லை. அதுவரை அந்தப் பங்குகள் கடுதாசிதான். அடுத்து வாங்குபவர் அதற்காக எடுத்த கடனை யார் தலையில் ஏற்றுவார், பழைய மருந்தாளரை வைத்திருப்பாரா, மூதூரில் இருந்து பஸ் ஏறி வருகிற ஆச்சிக்குக் கட்டணம் என்னவாகும்? இன்று கையெழுத்து வைப்பவரால் எதற்கும் உறுதி தர முடியாது.

அமெரிக்காவின் ஸ்டூவர்ட் ஆஸ்பத்திரிக் குழுமத்தை எடுங்கள். செர்பரஸ் நிதியம் அதை 2010இல் வாங்கியது. 2016இல் ஆஸ்பத்திரிக் கட்டடங்களைச் சுமார் 125 கோடி டொலருக்கு விற்று, அவற்றிலேயே வாடகைக்கு இருக்க வைத்தது. பிறகு நிதியம் வெளியேறியது. வாடகைச் சுமையோடு நின்ற குழுமம் 2024 மே மாதம் திவாலுக்கு மனுப் போட்டது. என் இரண்டறை டிஸ்பென்சரி அந்த அளவு இல்லைத்தான். ஆனாலும் கொம்பனி காணியையும் சேர்த்தே கேட்டபோது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. இப்போது கட்டடம் என் பெயரில் இருக்கிறது, டொக்டர் வாடகை தருகிறார்.

அவருடைய தவணை ஒருமுறை பிந்தியது. இன்னும் பாக்கி இருப்பதால் முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஸ்கேன், ஆய்வுகூடம் என்று பெரிய முதலீடு கேட்கும் இடமாக இருந்திருந்தால் நிதியத்தின் பக்கம் சாய்ந்திருக்கலாம். அதில் எனக்கு அனுபவம் இல்லை. கொம்பனிக்கே கொடுக்கப் போகிறவர்கள் காணியை விலக்கி வையுங்கள். அப்புறம், நிதியம் விற்கும் நாளில் உங்கள் பங்கும் அதே விலைக்குப் போகும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.