மனம் கனக்கும் இரவில்: சாட்ஜிபிடியா, பிஃப்ரெண்டர்ஸா?

உளவியலாளர் எலைன் ஏரன் 1990களில் விவரித்த மிகை உணர்திறன், அதாவது ஒலியையும் சொல்லையும் மற்றவர்களைவிட ஆழமாக உணர்வது, நோயல்ல, இயல்பு. அப்படிப்பட்டவர்களுக்குக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சலும் அத்தை சொன்ன ஒரு சொல்லும் இரவெல்லாம் ஓயாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடியிடம் மனதைக் கொட்டுவது எளிது. முகச்சுளிப்பு இல்லை, எதிரில் இருப்பவரின் மனநிலையைச் சுமக்க வேண்டியதில்லை. இவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அது பல நேரம் நாம் சொல்வதற்கே தலையாட்டும், "அத்தை வேண்டுமென்றேதான் சொன்னார், இல்லையா?" என்று கேட்டால் சந்தேகத்தை வளர்த்துவிடலாம்.

மனத்துயரில் இருப்பவர்களுக்கு ஆறுதல் தரும் அமைப்பான கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 1970 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் தன்னார்வலர்கள் காதுகொடுப்பார்கள். போன் செய்யத் தயக்கம் வரும், சரி, மின்னஞ்சல் அனுப்பலாம்.

எண்ணங்களை ஒழுங்குபடுத்தச் செயலி போதும். அழுகை நிற்காத இரவில் பிஃப்ரெண்டர்ஸைத்தான் அழைக்கச் சொல்வேன்.